பனியில் சக்கர விமானம் இறங்குமா? இறங்கும்... திரும்பக் கிளம்புமா என்பதுதான் கேள்வி!

1937 ஜூன் மாதம். கனடாவின் யூகான் பகுதியில் உள்ள வால்ஷ் பனியாற்றில் ஒரு சிறிய விமானம் இறங்கியது. ஓட்டியவர் அலாஸ்காவின் வால்டீஸ் நகரத்தைச் சேர்ந்த பாப் ரீவ். பனியாறுகளில் விமானம் இறக்குவதில் அன்றைக்குப் பெயர் பெற்ற பைலட். உள்ளே பிராட்ஃபோர்ட் வாஷ்பர்ன், ராபர்ட் பேட்ஸ் என்ற இரண்டு மலையேற்ற வீரர்கள். லுகேனியா மலையின் உச்சியை முதன்முதலாகத் தொடுவது அவர்களின் திட்டம்.

இறங்கியதில் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் நின்ற இடத்திலேயே விமானம் பனிக்குள் புதைந்துவிட்டது. வழக்கத்துக்கு மாறான வெப்பம் பனியின் மேற்பரப்பைக் கூழாக்கி வைத்திருந்தது. அந்த விமானத்தில் இருந்தது சக்கரம்கூட இல்லை, பனியில் சறுக்குவதற்கென்றே செய்யப்பட்ட ஸ்கீ. அதுவே புதைந்தது. தோண்டி எடுத்து, மறுபடி முயன்று, மறுபடி புதைந்து, சில நாள்கள் போராடினார் ரீவ். தேவையில்லாத சுமையை எல்லாம் இறக்கி வைத்த பிறகே அவரால் தனியாகக் கிளம்ப முடிந்தது. வால்டீஸில் காத்திருந்த மற்ற இரண்டு வீரர்களை அழைத்துவர அவர் திரும்பி வரவே இல்லை. வாஷ்பர்னும் பேட்ஸும் ஜூலை 9ஆம் தேதி உச்சியைத் தொட்டார்கள். அதன் பிறகு 100 மைலுக்கும் மேல் நடந்தே வெளியே வந்தார்கள்.

பனியோ, மணலோ, சேறோ, மென்மையான தரையில் இறங்கும் ஒவ்வொரு சிறு விமானத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். தரையைத் தொடுவது ஒரு விஷயம். கவிழாமல் நிற்பது இன்னொன்று. திரும்பக் கிளம்புவது மூன்றாவது. இந்த மூன்றும் எப்படி நடக்கிறது? பைலட்டுகள் என்ன பார்க்கிறார்கள்? எங்கே தவறு நடக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

மென்மையான தரை ஏன் ஆபத்து?

மேலே இருந்து பார்த்தால் பனிப்பரப்பு பஞ்சு மெத்தை மாதிரி தெரியும். மெத்தையில் விழுந்தால் அடிபடாது என்றுதான் யாருக்கும் தோன்றும். சக்கரத்தைப் பொறுத்தவரை அது நேர் எதிர்.

ஒரு டயர் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. டயருக்குள் என்ன காற்றழுத்தமோ, ஏறத்தாழ அதே அழுத்தத்தைத்தான் அது தரையிலும் கொடுக்கும். உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் ஓடும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 1,100 கிலோ. டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று என்று வைத்துக்கொண்டால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. அப்படியென்றால் மூன்று சக்கரங்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு 525 சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஓர் ஏ4 தாளின் பரப்பு இதைவிடப் பெரியது! ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள விமானம், ஒரு தாள் அளவுகூட இல்லாத இடத்தில் நிற்கிறது.

ஒரு மனிதரோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகப் புரியும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் பூட்ஸ் அணிந்து ஒற்றைக் காலில் நின்றால், தரைக்குக் கிடைக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.35 கிலோ. அதாவது செஸ்னாவின் சக்கரம் அவரைவிட ஆறு மடங்கு அதிகமாக அழுத்துகிறது. அவர் கால் புதையும் பனியில் சக்கரம் கண்டிப்பாகப் புதையும். அவர் கால் புதையவில்லை என்பதற்காகச் சக்கரமும் புதையாது என்று சொல்லிவிட முடியாது. ஒரு பனிப்பரப்பில் நடந்து பார்த்துவிட்டு "தாங்குது" என்று முடிவெடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

கவிழ்வது எப்படி?

மணலில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். முன்சக்கரம் மணலில் மாட்டினால் சைக்கிள் நின்றுவிடும், ஓட்டுபவர் மட்டும் முன்னால் போவார். விமானத்திலும் அதே கதைதான்.

பனி, சக்கரத்தைக் கீழே பிடித்து இழுக்கிறது. விமானத்தின் எடையோ சக்கரத்துக்கு மேலே இருக்கிறது, அதே வேகத்தில் முன்னோக்கிப் போகப் பார்க்கிறது. கீழே பிடிப்பு, மேலே வேகம். விளைவு, மூக்கு தரையில் குத்தும், வால் மேலே எழும்பும். வேகம் கூடுதலாக இருந்தால் விமானம் அப்படியே தலைகீழாகப் புரண்டுவிடும்.

சிறு விமானங்களில் இரண்டு வகை உண்டு. மூக்குக்குக் கீழே ஒரு சக்கரமும் பின்னால் இரண்டு சக்கரங்களும் உள்ளவை ஒரு வகை. செஸ்னா 172 இந்த ரகம். முன்னால் இரண்டு பெரிய சக்கரங்களும் வாலில் ஒரு குட்டிச் சக்கரமும் உள்ளவை இன்னொரு வகை. அலாஸ்காவின் காடு, மலைப் பகுதிகளில் புகழ்பெற்ற பைப்பர் சூப்பர் கப் இந்த ரகம்.

மென்மையான தரையில் முதல் வகையின் பலவீனம் மூக்குச் சக்கரம். செஸ்னாவில் அதன் விட்டம் சுமார் 36 சென்டிமீட்டர்தான். அதன் அச்சு தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. அது பனியில் புதைந்தால் அதைத் தாங்கும் கால் மடங்கலாம், புரொப்பல்லர் தரையில் இடிக்கலாம். வால் சக்கர விமானத்தில் இந்தத் தொல்லை இல்லை, புரொப்பல்லரும் தரையிலிருந்து உயரமாக இருக்கும். அதனால்தான் ரன்வே இல்லாத இடங்களுக்குப் போகும் பைலட்டுகள் இந்த வகையை விரும்புகிறார்கள். ஆனால் இதுவும் கவிழாத விமானம் இல்லை. பெரிய சக்கரங்கள் இரண்டும் ஆழமாக மாட்டினால் வால் எழும்பி மூக்கு குத்துவது இதிலும் நடக்கும்.

எல்லாப் பனியும் ஒன்றா?

இல்லவே இல்லை. காற்றில்லாத குளிரில் புதிதாகப் பெய்த பனியின் எடை ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். அதில் பெரும்பகுதி காற்று. சக்கரத்துக்கு அது தரையே இல்லை. பலத்த காற்று அடித்து இறுக்கிய பனி 350, 400 கிலோ வரை போகும். அதில் நடந்தால் பூட்ஸ் தடம்கூடச் சரியாகப் பதியாது. முழுக்க உறைந்த பனிக்கட்டி என்றால் 917 கிலோ.

உறைந்த தரைமேல் சில சென்டிமீட்டர் தூள் பனி இருந்தால் சக்கரம் அதைப் பிளந்துகொண்டு கீழே உள்ள கெட்டித் தரையில் ஓடும். இதில் பெரிய சிக்கல் வராது. அதே பனி ஈரமாக இருந்தால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், இழுவை கூடும்.

மிகவும் ஏமாற்றக்கூடியது மேலோடு கட்டிய பனி. பகலில் மேற்பரப்பு லேசாக உருகி இரவில் மறுபடி உறையும்போது ஓர் ஓடு உருவாகும். இறங்கும்போது இறக்கை இன்னும் எடையைத் தாங்கிக்கொண்டிருப்பதால் ஓடு உடையாது. வேகம் குறையக் குறைய எடை சக்கரத்துக்கு வரும். அப்போது ஓடு உடைந்து, சக்கரம் சட்டென்று உள்ளே போகும். நல்லபடியாக இறங்கியாச்சு என்று பைலட் மூச்சுவிடும் அந்த நொடியில்தான் விமானம் கவிழும்.

நேரமும் முக்கியம். வசந்த காலத்தில் அதிகாலையில் கல் மாதிரி இருக்கும் பரப்பு, வெயில் ஏறியதும் கூழாகிவிடும். காலை 7 மணிக்கு இறங்கிய இடத்திலிருந்து மதியம் 2 மணிக்குக் கிளம்ப முடியாமல் போகலாம். அப்படி மாட்டினால் பைலட்டுக்கு ஒரே வழிதான். மறுநாள் அதிகாலை வரை காத்திருக்க வேண்டும்.

மேலே இருந்தே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதல் தடை, கண். வானம் மேகமூட்டமாகவும் தரை முழுக்க வெள்ளையாகவும் இருந்தால் நிழல் என்பதே இருக்காது. மேடு எது, பள்ளம் எது, தரை 10 அடியில் இருக்கிறதா 100 அடியில் இருக்கிறதா, எதுவும் தெரியாது. அனுபவமுள்ள பைலட்டுகளே சமநிலையில் பறந்துகொண்டிருக்கும்போது தெரியாமல் பனிச்சரிவில் மோதியிருக்கிறார்கள்.

இதற்குப் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு. மரக்கிளைகளையோ, அடர்ந்த நிறத்தில் பைகளையோ மேலே இருந்து வரிசையாகப் போடுவார்கள். வெள்ளைப் பரப்பில் அந்தக் கரும்புள்ளிகள்தான் தரை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குக் காட்டும். ஏரியாக இருந்தால் நடுவில் இறங்காமல், மரங்கள் தெரியும் கரையை ஒட்டி இறங்குவார்கள். அதுவும் முடியாவிட்டால், இன்ஜின் சக்தியை வைத்துக்கொண்டே மிக மெதுவான, சீரான இறக்கத்தில் வந்து, சக்கரம் தானாகத் தரையைத் தொடும் வரை விமானத்தை அப்படியே வைத்திருப்பார்கள்.

இரண்டாவது கேள்வி, தரை தாங்குமா? இதற்குத் தாழ்வாகப் பறந்து பார்ப்பது முதல் படி. காற்று செதுக்கிய அலைகள், பாதி மறைந்த பாறைகள், ஓடைகள் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அடுத்த படிதான் சுவாரஸ்யமானது. பறக்கும் வேகம் குறையாமல் சக்கரத்தை மட்டும் பரப்பில் லேசாக உரசிவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். பிறகு ஒரு சுற்று சுற்றி வந்து தடத்தைப் பார்ப்பார்கள். தடம் மெல்லிசாக இருந்தால் நல்லது. ஆழமாக இருந்தால் வேண்டாம். தடம் கொஞ்ச நேரத்தில் கறுத்துத் தெரிந்தால் கண்டிப்பாக வேண்டாம். பனிக்குக் கீழே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். உறைந்த ஏரிகளில் பனியின் பாரத்தால் நீர் மேலே கசிந்து, பனிப்போர்வைக்கு அடியில் உறையாமல் தேங்கி நிற்பது சகஜம்.

இந்த உரசல் சோதனை எல்லோரும் செய்யக்கூடியது இல்லை. உரசும்போதே சக்கரம் மாட்டினால் கதை முடிந்தது. உரசிய பிறகு ஏறுவதற்குப் போதுமான இடமும் சக்தியும் வேண்டும். பயிற்சி இல்லாதவர்கள் முயலக் கூடாத வேலை இது.

இறங்கும் முறை என்ன?

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விமானப் பயிற்சிக் கையேட்டில், மென்மையான தரையில் இறங்குவது தனிப்பாடமாகவே இருக்கிறது. தனி விமானி உரிமத்துக்கான தேர்விலும் இது உண்டு. சாரம் ஒரே வரிதான்: விமானத்தின் எடையை முடிந்த வரை இறக்கையே சுமக்கட்டும், சக்கரத்துக்கு மெதுவாகக் கொடு.

அதற்காகப் பைலட் செய்வது இவை:

முதலில், எதிர்க்காற்றில் வருவார். காற்றின் வேகம் எவ்வளவோ, அந்த அளவுக்குத் தரையில் வேகம் குறையும். வேகம் சின்னதாகக் குறைந்தாலும் பலன் பெரிது. 60 நாட் வேகத்தில் தரையைத் தொடும் விமானத்தின் இயக்க ஆற்றல், 50 நாட்டில் தொடுவதைவிட 44 சதவீதம் அதிகம்.

இரண்டாவது, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்புகளை இறக்கி, பறக்க முடிகிற மிகக் குறைந்த வேகத்துக்கு வருவார்.

மூன்றாவது, சாதாரண லேண்டிங்கில் செய்வதுபோல் இன்ஜின் சக்தியை முழுதாகக் குறைத்துவிட மாட்டார். கொஞ்சம் வைத்திருப்பார். அப்போதுதான் விமானம் பொத்தென்று விழாமல் மெதுவாகப் படியும். இன்னொரு பலனும் உண்டு. புரொப்பல்லர் தள்ளும் காற்று வாலின் மேல் படுவதால், மூக்கைத் தூக்கிப் பிடிக்கும் வலு வாலுக்குக் கிடைக்கும். சட்டென்று சக்தியை வெட்டினால் அந்த வலுவும் போய்விடும்.

நான்காவது, தரையைத் தொட்ட பிறகும் கன்ட்ரோலைத் தன் பக்கமே இழுத்துப் பிடித்திருப்பார். மூக்குச் சக்கரம் உள்ள விமானத்தில் அந்தச் சக்கரம் கடைசி நொடி வரை காற்றிலேயே இருக்க வேண்டும். வால் சக்கர விமானத்தில் வால் தரையோடு அழுந்தியே இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பிரேக் பக்கம் கால் போகவே கூடாது. நிறுத்துகிற வேலையைப் பனியே செய்துவிடும், அதுவும் தேவைக்கு மேலேயே செய்யும்.

நின்றால் போச்சு!

கார் ஓட்டுபவர்களுக்குச் சேற்றில் தெரிந்த பாடம் இங்கேயும் பொருந்தும். ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் புதையாது, நின்ற சக்கரம் புதையும். அதனால் இறங்கிய விமானத்தை நிறுத்தாமல் ஓட்டிச் சென்று, அகலமாக ஒரு வட்டம் அடித்து, இறங்கிய தடத்துக்கே கொண்டுவந்து விடுவார்கள். கிளம்பும்போது முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ, அந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் நிறுத்துவார்கள். சக்கரம் ஒருமுறை அழுத்திய தடம் கெட்டிப்படும். அதுவே கிளம்பும்போது ரன்வே.

சரிவு இருந்தால் ஏற்றத்தை நோக்கி இறங்கி, சரிவுக்குக் குறுக்காக நிறுத்தி, இறக்கத்தை நோக்கிக் கிளம்புவது பனியாறுகளில் வழக்கம். நிறுத்திவிட்டுப் போகும்போது சக்கரத்துக்கு அடியில் பலகையோ கிளையோ போடுவதும் உண்டு. இல்லாவிட்டால் சூடான சக்கரம் பனியை உருக்கி, இரவில் அதோடு சேர்ந்தே உறைந்துவிடும்.

கிளம்புவது ஏன் கஷ்டம்? இறங்கும்போது பனியின் இழுவை விமானத்தை நிறுத்த உதவுகிறது. கிளம்பும்போது அதே இழுவை எதிரி. இன்ஜின் முழுச் சக்தியில் ஓடினாலும் வேகம் ஏறாது. பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானங்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறது. மென்மையான தரையிலோ பனியிலோ கிளம்பத் தேவையான தூரம் 25 சதவீதமோ அதற்கு மேலோ கூடும். எடை 10 சதவீதம் கூடினால் தூரம் இன்னொரு 20 சதவீதம் கூடும். இவற்றோடு பாதுகாப்புக்கென்று 33 சதவீதம் தனியாகச் சேர்க்க வேண்டும். இவற்றைக் கூட்டக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்க வேண்டும்.

ஒரு விமானத்துக்குச் சாதாரணமாக 300 மீட்டர் போதும் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் கூடுதல் எடையோடு பனியிலிருந்து கிளம்பினால் அதற்குச் சுமார் 600 மீட்டர் வேண்டும். இரண்டு மடங்கு! அதுவும் "25 சதவீதம்" என்பது குறைந்தபட்சக் கணக்கு. பனி ஆழமாக இருந்தால் விமானம் கிளம்பாமலே போகலாம்.

கிளம்பும் முறையிலும் தந்திரம் உண்டு. மூக்கைத் தூக்கிப் பிடித்தபடியே ஓடி, மிகக் குறைந்த வேகத்தில் சக்கரத்தைத் தரையிலிருந்து பிரித்துவிடுவார்கள். தரைக்கு மிக அருகில், ஏறத்தாழ இறக்கையின் நீளத்துக்குள்ளான உயரத்தில், விமானத்துக்குக் காற்றின் இழுவை குறையும். அதனால் அந்த வேகத்திலும் அது மிதக்கும். ஆனால் உடனே மேலே ஏறப் பார்த்தால் மறுபடி தரையில் விழும். சில அடி உயரத்திலேயே மட்டமாகப் பறந்து, வேகம் சேர்ந்த பிறகுதான் ஏற வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் அவசரப்பட்டுச் சொதப்புவது இந்த இடத்தில்தான்.

காற்றில் ஏறிவிட்டால் முடிந்ததா? இன்னும் ஒன்று பாக்கி. சக்கரத்திலும் பிரேக்கிலும் ஒட்டிய ஈரப்பனி மேலே போனதும் உறையும். அடுத்த ரன்வேயில் இறங்கும்போது சக்கரம் சுற்றாது. இதனால்தான் குளிர்காலத்தில் சக்கரத்தின் மேல் இருக்கும் அலங்கார மூடிகளைக் கழற்றிவிடுகிறார்கள். அவற்றுக்குள் பனி அடைத்துக்கொண்டால் அதே கதிதான்.

பெரிய டயர், ஸ்கீ... எது தீர்வு?

அலாஸ்கா பைலட்டுகளின் விடை, பெரிய டயர். 31 அங்குல விட்டம், அதாவது ஏறக்குறைய 79 சென்டிமீட்டர். உள்ளே காற்று 10 பி.எஸ்.ஐ.க்கும் குறைவாகவே வைப்பார்கள். 800 கிலோ எடையுள்ள சூப்பர் கப், 8 பி.எஸ்.ஐ. காற்றோடு நின்றால் தரையைத் தொடும் பரப்பு 1,400 சதுர சென்டிமீட்டரைத் தாண்டும். செஸ்னா ஒரு தாளுக்குள் நிற்கிறது என்றால் இது இரண்டு தாளுக்கு மேல் பரப்பிக்கொண்டு நிற்கிறது, எடையும் குறைவு. ஆற்றங்கரைக் கூழாங்கல், புதர்த்தரை, மணல், இறுகிய பனி எல்லாவற்றையும் இது சமாளிக்கும். ஆனால் ஆழமான தூள் பனியில் இதுவும் மூழ்கும். பறக்கும்போது இந்த டயர்கள் காற்றில் இழுத்து வேகத்தைக் குறைப்பதும் உண்டு.

ஆழப் பனிக்கு ஸ்கீதான். இதன் வரலாற்றில் ஒரு முக்கியமான சம்பவம் 1946 நவம்பரில் நடந்தது. 12 பேருடன் சென்ற அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று சுவிட்சர்லாந்தின் கௌலி பனியாற்றில் மோதி நின்றது. அனைவரும் உயிர் பிழைத்தார்கள், ஆனால் அந்த உயரத்திலிருந்து காயமடைந்தவர்களை இறக்குவது எப்படி? நவம்பர் 24ஆம் தேதி, ஸ்கீ பொருத்தப்பட்ட இரண்டு ஃபீசெலர் ஸ்டோர்க் சிறு விமானங்கள் பனியாற்றிலேயே இறங்கி, மாறி மாறிப் பறந்து அனைவரையும் மீட்டன. சுவிட்சர்லாந்தின் விமான மீட்புப் பணிக்கு இதுவே தொடக்கம் என்று சொல்லப்படுகிறது.

ஸ்கீயில் ஒரு சிக்கல். கிளம்பும் ஊரில் தார் ரன்வே, இறங்கும் இடத்தில் பனி. இரண்டுக்கும் ஒரே விமானம் எப்படி? சக்கரமும் ஸ்கீயும் சேர்ந்த அமைப்பு இதற்காகவே வந்தது. தேவைக்கேற்ப ஸ்கீயை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம். 1952 மே மாதம் சுவிஸ் பைலட் ஹெர்மன் கைகர், இப்படிப்பட்ட ஸ்கீ பொருத்திய சூப்பர் கப்பில் காண்டர் பனியாற்றில் இறங்கினார். இன்றும் அலாஸ்காவின் டால்கீட்னா ஊரில் சக்கரத்தில் கிளம்பும் விமானங்கள், ஸ்கீயை இறக்கி, டெனாலி மலையின் கஹில்ட்னா பனியாற்றில் மலையேறுபவர்களை இறக்கிவிடுகின்றன.

மூன்றாவது வழி, விமானத்தை மாற்றாமல் பனியை மாற்றுவது. அன்டார்க்டிகாவில் அமெரிக்காவின் மெக்மர்டோ தளத்துக்கு அருகே உள்ள ஃபீனிக்ஸ் ஓடுதளம் முழுக்க முழுக்கப் பனியை இறுக்கிச் செய்தது. 2017 முதல் அங்கே பிரம்மாண்டமான சி-17 சரக்கு விமானமே சக்கரத்தில் இறங்குகிறது. இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையத்துக்கு அருகே, ரஷ்யாவின் நோவோ ஓடுதளத்தில் கெட்டியான நீலப் பனிக்கட்டியின் மேல் சக்கர விமானங்கள் இறங்குகின்றன. கேப் டவுனிலிருந்து இந்திய விஞ்ஞானிகள் வந்து சேரும் வழி இது.

மணலும் சேறும் எப்படி?

1903இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்துக்குச் சக்கரமே இல்லை. அவர்கள் சோதனை செய்த கிட்டி ஹாக் பகுதி முழுக்க மணல். சக்கரம் புதையும் என்பதால் மரத்தில் தண்டவாளம் போட்டு அதன் மேல் விமானத்தை ஓடவிட்டார்கள். முதல் விமானத்துக்கே முதல் பிரச்சினை மென்மையான தரைதான்.

மணலிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. கடற்கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும், காய்ந்த மணலில் கால் புதையும், அலை நனைத்துவிட்டுப் போன இடம் கெட்டியாக இருக்கும். மணல் துகள்களுக்கு இடையே உள்ள கொஞ்சம் நீர் அவற்றை ஒட்டிப் பிடிக்கிறது. நீர் மிதமிஞ்சினால் அதே மணல் கூழாகிவிடும். ஸ்காட்லாந்தின் பாரா தீவு விமான நிலையம் இந்த ஈர மணலை நம்பியே இயங்குகிறது. கடற்கரைதான் ரன்வே. கடல் உள்வாங்கிய நேரத்தில் ட்வின் ஓட்டர் என்ற சிறு பயணிகள் விமானம் சக்கரத்தில் இறங்கும். கடல் ஏறினால் மூன்று ரன்வேயும் தண்ணீருக்கு அடியில். விமானத்தின் நேர அட்டவணையைக் கடலலைதான் தீர்மானிக்கிறது.

சேறு இன்னும் மோசம், சக்கரத்தை விடவே விடாது. ஆனால் அதையும் பயன்படுத்தியவர்தான் தொடக்கத்தில் பார்த்த பாப் ரீவ். கோடையில் வால்டீஸில் பனி இருக்காது, மேலே பனியாற்றில் இருக்கும். அதனால் கடல் வற்றியிருக்கும் நேரத்தில் கரையோரச் சேற்றிலிருந்தே ஸ்கீயில் வழுக்கிக்கொண்டு கிளம்பி, மலைமேல் பனியில் போய் இறங்குவார்.

இந்தியாவிலும் இப்படி ஒரு துணிச்சலான லேண்டிங் உண்டு. 1948 மே 24ஆம் தேதி, விமானப்படை அதிகாரி மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவை அழைத்துக்கொண்டு டக்கோட்டா விமானத்தை லே நகரில் இறக்கினார். சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கே இருந்தது பொறியாளர் சோனம் நோர்பு அவசரமாக அமைத்த மணல் ஓடுதளம். டக்கோட்டா சிறு விமானம் இல்லை என்றாலும் பிரச்சினை அதேதான். உயரத்தில் காற்று மெலிதாக இருப்பதால் இன்ஜினுக்கும் இறக்கைக்கும் வலு குறைவு. தரையைத் தொடும் வேகம் கூடும், கிளம்பத் தேவையான தூரமும் கூடும்.

வேறு வழியே இல்லை என்றால்?

இன்ஜின் நின்றுவிட்டது, கீழே பனி மட்டும்தான். இப்போது திரும்பக் கிளம்புவது பற்றிய கவலையே வேண்டாம். உயிர் பிழைப்பது ஒன்றே இலக்கு. விமானம் கவிழலாம் என்று எதிர்பார்த்தே பைலட் தயாராவார். எதிர்க்காற்றில், மிகக் குறைந்த வேகத்தில், மூக்கைத் தூக்கியபடி இறக்குவார். தோள்பட்டை உட்பட சீட் பெல்ட் இறுக்கமாக இருக்க வேண்டும். தரையைத் தொடும் முன்பே கதவைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். உடல் நெளிந்தால் கதவு பிறகு திறக்காது. எரிபொருளையும் மின்சாரத்தையும் நிறுத்த வேண்டும்.

மெதுவான வேகத்தில் பனியில் கவிழும் விமானத்திலிருந்து பலர் பெரிய காயமில்லாமல் வெளியே வந்திருக்கிறார்கள். ஆனால் தலைகீழாகத் தொங்கும்போது அவசரத்தில் பெல்ட்டைக் கழற்றினால் தலையில் அடிபடும். ஒரு கையை ஊன்றிக்கொண்டு பிறகுதான் கழற்ற வேண்டும்.

அதன் பிறகு எதிரி குளிர். விமானத்தை விட்டு நடந்து போகாமல் அதன் அருகிலேயே இருப்பது நல்லது. தேடி வருபவர்களுக்கு ஒரு மனிதரைவிட விமானம் எளிதில் தெரியும். 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி செயற்கைக்கோள் வழியாக இடத்தைத் தெரிவிக்கும். அலாஸ்காவில் உணவு, தீ மூட்டும் பொருள், முதலுதவிப் பெட்டி போன்றவை விமானத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள். மாட்டிக்கொண்டவர்களைத் தேடித் தேடிக் கிடைத்த அனுபவம் அது.

சரி, இறங்கலாமா கூடாதா?

அனுபவமுள்ள பைலட்டுகள் இறங்கும் முன் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் குறைவுதான். இந்தப் பனி எத்தனை நாள் பழையது? நேற்று இரவு உறைந்ததா? கிளம்பும் நேரத்தில் வெயில் எப்படி இருக்கும்? இப்போதுள்ள எடையோடு கிளம்ப எவ்வளவு தூரம் வேண்டும்? புதைந்தால் தோண்ட மண்வெட்டி இருக்கிறதா, இரவைக் கழிக்கத் துணி இருக்கிறதா? இங்கே போன வாரம் இறங்கியவர் யார், அவர் என்ன சொன்னார்?

சக்கரம் மட்டுமே உள்ள விமானத்தில், கீழே உள்ள பனியின் ஆழம் தெரியாவிட்டால் பதில் சுலபம். மேலே ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த ரன்வேக்கே திரும்புவார்கள். அப்படித் திரும்பிய பயணங்கள் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. பனிக்கு மேல் பல வருடம் பறந்து வயதான பைலட்டுகளின் கணக்கில் அந்தப் பயணங்கள்தான் அதிகம்.